ஐவரியா, ஹாஃப் ஒயிட்டா? வீட்டுச் சுவருக்கு நிறம் முடிவு செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு நிறங்கள்தான். இரண்டுமே வெள்ளை மாதிரி, இரண்டுமே கொஞ்சம் கிரீம் மாதிரி. ஐவரி, கிரீம், ஹாஃப் ஒயிட், ஆஃப் ஒயிட் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி பெயர் வைப்பதால் பெயரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. இந்தப் பக்கத்தில் மஞ்சள் தூக்கலான வெள்ளையை ஐவரி என்றும், சாம்பலும் மண்நிறமும் தூக்கலான வெள்ளையை ஹாஃப் ஒயிட் என்றும் சொல்கிறோம். உங்கள் கையிலுள்ள ஷேடுகளுக்கு வேறு பெயர் இருந்தாலும் அவை அநேகமாக இந்த இரண்டில் ஒரு பக்கம் சாயும்.

கார்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. சுவரில் அடித்தால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். கார்டில் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும். கார்டில் இருப்பது இரண்டு விரல் அகலச் சீட்டு. அறையில் நான்கு சுவரும் ஒரே நிறமாக இருக்கும்போது ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து மறுபடி திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் சுவர் கொஞ்சம் நீலத்தை விழுங்கிக்கொண்டு மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் கார்டில் லேசாக மஞ்சள் தட்டிய ஐவரி, அறையில், அதுவும் மூலைகளில், நல்ல மஞ்சளாகவே நிற்கும். ஹாஃப் ஒயிட்டில் மூலைகள் நிழல் விழுந்ததுபோல் மங்கும். கார்டில் "இதுதான் சரி" என்று தோன்றும் ஷேடைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது.

எந்த ஷேட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வழி, சாதாரண வெள்ளை ஏ4 தாளின் மேல் இரண்டு சீட்டையும் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது. தனியாகப் பார்த்தால் வெள்ளை என்று தோன்றுவது, தாளின் மேல் வைத்ததும் மஞ்சளோ பச்சையோ இளஞ்சிவப்போ அடிப்பது தெரிந்துவிடும். கார்டில் அதே வரிசையில் கீழே இருக்கும் அடர்ந்த ஷேடையும் பாருங்கள். அடியில் இருப்பது கடுகு மஞ்சள் என்றால் மேலே இருக்கும் வெள்ளையும் அந்தப் பக்கத்துக்காரன்தான். சில கார்டுகளில் ஒரே வரிசையில் வேறுவேறு குடும்பத்து நிறங்களைக் கலந்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கார்டுக்கு இந்த வழி உதவாது.

இரண்டாவது வழி இன்னும் திடமானது. பெயிண்டில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் உள்ள கடையில் கம்ப்யூட்டரில் ஷேட் நம்பரைப் போட்டால் எந்தெந்தக் கலரன்ட் (நிறமூட்டும் திரவம்) எத்தனை மில்லி விழும் என்ற ஃபார்முலா வரும். கேட்டால் காட்டுவார்கள். இளங்கிரீம் வெள்ளைகளில் பெரும்பாலும் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஆகிய மூன்றில் இரண்டோ மூன்றோ இருக்கும். மஞ்சளும் கறுப்பும் மட்டும் இருந்து சிவப்பு இல்லையென்றால் அந்த ஷேட் பச்சை தட்டக்கூடியது. மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தால் ஆலிவ் பச்சைதான் வரும். மஞ்சளும் சிவப்பும் இருந்து கறுப்பே இல்லையென்றால் மஞ்சள் பல்பின் கீழ் பீச் நிறமாக மாறும். மூன்றும் கலந்திருந்தால் எந்த வெளிச்சத்திலும் ஓரளவு அடக்கமாக இருக்கும்.

மூன்றாவது வழி எண்கள். பல கம்பெனிகள் தங்கள் தளத்தில் ஷேடின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளைக் கொடுக்கின்றன. சிவப்பு எண்ணிலிருந்து நீல எண்ணைக் கழியுங்கள். 10 முதல் 15 வரை வந்தால் மிதமான கிரீம், 20ஐத் தொட்டால் மஞ்சள் கண்ணில் படும். திரையில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம், இந்தக் கழித்தல் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்.ஆர்.வி என்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டுமா?

மேலே விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான எண் அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. நாம் பேசும் நிறங்கள் அநேகமாக 72க்கும் 86க்கும் இடையில் விழும். இரண்டு ஷேடுக்கும் வித்தியாசம் 2 அல்லது 3 என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், கண்ணுக்குப் பிடிபடாது. 5க்கு மேல் போனால் வெளிச்சம் குறைந்த அறைக்கு எண் அதிகமானதை எடுங்கள். எல்.ஆர்.வி பளிச்சென்று இருக்குமா என்பதை மட்டும் சொல்லும். மஞ்சளா சாம்பலா என்பதைச் சொல்லாது.

முடிவு செய்ய முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தரையை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பெயிண்டை ஐந்து வருடத்தில் மாற்றலாம், பல்பை நாளைக்கே மாற்றலாம், தரையை அப்படி மாற்ற முடியாது. தவிர, வீட்டுக்குள் வரும் பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதி முதலில் தரையில் விழுந்து, தரையின் நிறத்தை வாங்கிக்கொண்டுதான் சுவருக்கு ஏறுகிறது.

இன்றைக்கு அதிக வீடுகளில் இருப்பது கிரீம் நிற விட்ரிஃபைட் டைல்ஸ். அதிலேயே இரண்டு வகை. ஒன்று வெண்ணெய் போல மஞ்சள் தட்டுவது, இன்னொன்று பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த பீஜ். மஞ்சள் தட்டும் டைல்ஸுக்கு ஐவரி பொருந்தும், ஆனால் சுவர் டைல்ஸைவிடத் தெளிவாக வெளிறி இருக்க வேண்டும். சுவரும் தரையும் ஒரே அளவு மஞ்சளாக இருந்தால் அறை முழுக்க ஒரே சேறு பூசியதுபோல் ஆகும். பீஜ் டைல்ஸுக்கு மேல் ஐவரி அடித்தால் டைல்ஸ் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, ஏனென்றால் அழுக்கு அங்கே இல்லவே இல்லை, பக்கத்திலுள்ள மஞ்சள்தான் அப்படிக் காட்டுகிறது. அங்கே ஹாஃப் ஒயிட்தான்.

ரெட் ஆக்சைடு தரை, சிவப்பு ஓடு, செட்டிநாட்டு ஆத்தங்குடி கல்லில் சிவப்புப் பூ போட்ட தரை ஆகியவை வெளிச்சத்தைச் செம்மையாக்கி அனுப்பும். சுவரின் கீழ் மூன்று அடிக்கு அந்தச் செம்மை ஏறும். ஐவரி அங்கே பீச் நிறமாகிவிடும். ஹாஃப் ஒயிட்டில் இருக்கும் சாம்பல் அந்தச் செம்மையை அடக்கி, நீங்கள் ஆசைப்பட்ட கிரீமை அதுவாகவே கொடுக்கும்.

சாம்பல் கிரானைட், சாம்பல் ரேகை ஓடும் வெள்ளை மார்பிள் இருந்தால் ஐவரி வேண்டாம். புதிதாக அடித்த அன்றைக்கே பழைய சுவர் போலத் தெரியும். மொசைக் தரை என்றால் அதில் பதித்த சில்லுகளின் நிறத்தை விட்டுவிட்டு, சில்லுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டைப் பாருங்கள். வெள்ளை சிமெண்ட் பழுத்து மஞ்சளாகியிருந்தால் ஐவரி, சாம்பல் சிமெண்ட் என்றால் ஹாஃப் ஒயிட்.

தேக்குக் கதவு, நிலை, மரச் சாமான்கள் இரண்டோடும் ஒத்துப்போகும். மரம் சுவரோடு இழைந்து நிற்க வேண்டுமா, தனித்துத் தெரிய வேண்டுமா என்பதுதான் கேள்வி. இழைய ஐவரி, தனித்து நிற்க ஹாஃப் ஒயிட்.

டியூப் லைட், எல்இடி பல்புக்கு ஏற்ப நிறம் மாறுமா?

நிறைய மாறும். பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். 6500 கெல்வின் என்பது நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். 2700 முதல் 3000 வரை மஞ்சள் வெளிச்சம். 4000 நடுவில்.

6500 டியூபின் கீழ் ஹாஃப் ஒயிட்டில் இருக்கும் கொஞ்சம் மஞ்சளும் அமுங்கி, சாம்பல் மட்டும் மேலே வரும். இரவில் சுவர் சிமெண்ட் பூசி விட்டதுபோல் நிற்கும். ஐவரி அங்கே அடக்கமான கிரீமாக, நன்றாகவே இருக்கும். 3000 பல்பின் கீழ் இது தலைகீழ். ஐவரி எலுமிச்சைச் சாதம்போல் மஞ்சளாகும், ஹாஃப் ஒயிட் இதமான கிரீமாகும். ஆகவே வீட்டில் 6500 தான் இருக்கப்போகிறது என்றால் ஐவரி பக்கம், மஞ்சள் வெளிச்சம் என்றால் ஹாஃப் ஒயிட் பக்கம் சாயுங்கள். எங்கள் யோசனை, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 4000 கெல்வின் எடுப்பது. பல்பு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண் சி.ஆர்.ஐ. பெட்டியில் அது 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நிறங்கள் பகலில் இருப்பதற்கு நெருக்கமாகத் தெரியும். சாதாரண பல்புகளில் அது 80ஐ ஒட்டி இருக்கும்.

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் மஞ்சள் ஸ்ட்ரிப், நடுவில் 6500 லைட் என்று கலந்து போட்டால் ஒரே சுவர் மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாகப் பிரியும். அதை எந்த ஷேடாலும் சரிசெய்ய முடியாது.

ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது முக்கியமா?

முக்கியம்தான். ஆனால் இணையத்தில் படிக்கும் "வடக்கு அறையில் எப்போதும் குளிர்ந்த வெளிச்சம், அதனால் மஞ்சள் கலந்த நிறம் அடியுங்கள்" என்ற விதி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எழுதியது. சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேரடி வெயில் வரும், தெற்கு ஜன்னலுக்கு வராது. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தெற்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் உள்ளே நீளும். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போகப் போகச் சூரியன் வடக்கே நிற்கும் காலம் இன்னும் நீளும்.

ஆகவே திசையில் கவனிக்க வேண்டியது மேற்குதான். மாலை மூன்று மணிக்கு மேல் வரும் செவ்வெயிலில் ஐவரி ஆரஞ்சாக எரியும். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் மாலையில்தான் அதிக நேரம் இருப்பீர்கள் என்றால் ஹாஃப் ஒயிட். கிழக்கு அறையில் காலை இரண்டு மணி நேரம் கழிந்த பிறகு வெளிச்சம் சமமாகிவிடும், அங்கே தரையை வைத்து முடிவெடுங்கள்.

அபார்ட்மெண்டில் ஜன்னலுக்கு ஐந்தடி தள்ளிப் பக்கத்துக் கட்டடம் நிற்கிறதென்றால் திசையை மறந்துவிடுங்கள். உள்ளே வருவது சூரிய வெளிச்சமே இல்லை, பக்கத்து வீட்டுச் சுவரின் வெளிச்சம். அந்தச் சுவர் பச்சை என்றால் உங்கள் அறையும் பச்சை தட்டும். ஜன்னலோரம் வேப்பமரமோ மாமரமோ நின்றாலும் இதேதான். அப்படிப்பட்ட அறைக்குச் சிவப்பு ஆக்சைடு கலக்காத ஷேடை எடுக்கக் கூடாது.

வெளிச்சமே குறைவான நடைபாதை, நடு அறைக்கு எது?

ஐவரி. வெளிச்சம் குறைந்தால் சாம்பல் கலந்த நிறம் மங்கிப்போகும், மஞ்சள் கலந்தது தாக்குப்பிடிக்கும். இருட்டறைக்குப் பளீர் வெள்ளை அடித்தால் பிரகாசமாகும் என்று நினைப்பதும் சரியல்ல. திருப்பி அனுப்ப வெளிச்சமே இல்லாத இடத்தில் வெள்ளையும் நிழல் நிறமாகத்தான் தெரியும்.

சாம்பிள் எப்படி அடித்துப் பார்ப்பது?

சுவரிலேயே ஒரு ஓரத்தில் இரண்டு பட்டை இழுத்துப் பார்ப்பதுதான் வழக்கம், தவறான முடிவுக்குக் கொண்டுபோவதும் அதுதான். பழைய சுவர் பச்சையாக இருந்தால் அதன் நடுவில் அடித்த கிரீம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சுவர் பளீர் வெள்ளை பிரைமராக இருந்தால் எந்தக் கிரீமும் அழுக்காகத் தெரியும். இரண்டுமே கண் செய்யும் வேலை, நிறத்தின் குற்றமில்லை.

ஒவ்வொரு ஷேடுக்கும் 2 அடிக்கு 2 அடி அளவில் இரண்டு பலகை வேண்டும். பிளைவுட், மல்டிவுட், ஹார்ட்போர்டு எதுவும் சரி. எதுவும் இல்லையென்றால் தடித்த சார்ட் அட்டை. ஒரு கோட் வெள்ளை பிரைமர், அது காய்ந்ததும் சிறிய ரோலரால் எமல்ஷன் இரண்டு கோட், கோட்டுக்கு நடுவில் 4 மணி நேரம். ஈரமாக இருக்கும்போது பார்க்காதீர்கள். ஈர எமல்ஷனில் இருக்கும் பைண்டர், அதாவது பெயிண்டைச் சுவரில் பிடித்துவைக்கும் பசை, பால்போல் வெளுத்திருக்கும், காய்ந்தால்தான் தெளியும், நிறம் ஒரு பொடி அடர்ந்துவிடும். மறுநாள்தான் பார்க்க வேண்டும். இரண்டு பலகைக்கும் சேர்த்து 100 மில்லிகூடச் செலவாகாது, 200 மில்லி சாம்பிள் டப்பா கிடைத்தால் போதும். சில கடைகளில் 1 லிட்டருக்குக் குறைந்து கலக்க மாட்டார்கள்.

ஒரே ஷேடில் இரண்டு பலகை எதற்கென்றால், அவற்றை அறையின் மூலையில் எல் வடிவத்தில் நிறுத்திவைக்கத்தான். ஒன்றின் வெளிச்சம் மற்றதில் பட்டு, முழு அறையும் அடித்த பிறகு வரப்போகும் ஆழம் அந்த மூலையில் இப்போதே தெரியும். தரையில் படுக்கப் போட்டுப் பார்க்காதீர்கள். படுக்கையாக இருக்கும் பலகையில் சுவரில் விழுவதைவிட வேறு மாதிரி வெளிச்சம் விழும். பின்னால் பழைய நிறம் தெரியாமலிருக்க ஒரு வெள்ளைத் தாளை அகலமாக ஒட்டிவிடுங்கள்.

காலை 7, நடுப்பகல், மாலை 4.30, இரவு 8 என்று நான்கு வேளையும் பாருங்கள். சாயல் எது என்று கண்டுபிடிக்க இரண்டு ஷேடையும் அருகருகே வையுங்கள். ஆனால் முடிவெடுக்கும்போது ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு மற்றதை மட்டும் பாருங்கள். அருகருகே இருக்கும்வரை ஒன்று மற்றதை மிகையாக்கிக் காட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாழப்போவது ஒரு நிறத்தோடுதான்.

போனில் போட்டோ எடுத்து வீட்டாருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா?

வேண்டாம். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தக்கபடி வெள்ளையைத் தானே சரிசெய்துகொள்ளும். இளங்கிரீமில் இருக்கும் அந்தச் சிறு சாயலைத்தான் அது முதலில் அழிக்கும். பலகையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிடித்த ஷேட் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது. வெளிறச் செய்ய முடியுமா?

முடியும். கடையில் அதே ஷேடை ஐம்பது சதவீதத்தில் கலக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு கலரன்டும் பாதியாக விழும். சாயல் ஓரளவு அப்படியே இருக்கும், அடர்த்தி குறையும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மில்லி கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஷேட் நம்பர் மட்டும் சொன்னால் முழு அடர்த்தியில் கலந்துவிடுவார்கள். இன்னொன்று, 1 லிட்டரில் பாதி அளவு என்பது ஓரிரு துளி. மெஷின் அவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாக விடாமல் போகலாம். 10 அல்லது 20 லிட்டரில் கலந்தால் பிழை கரைந்துபோகும். சாம்பிள் டப்பாவுக்கும் பெரிய பக்கெட்டுக்கும் லேசாக வித்தியாசம் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

வெள்ளை எமல்ஷன் வாங்கிவந்து ஸ்டெயினர் டப்பாவிலிருந்து கையால் ஊற்றிக் கலக்குவதைத் தவிருங்கள். அந்த நிறத்தை மறுபடி யாராலும் கொண்டுவர முடியாது.

சீலிங், கதவு, ஜன்னலுக்கு என்ன வெள்ளை?

சீலிங்குக்குப் பளீர் வெள்ளை அடிப்பது வழக்கம். கிரீம் சுவர் அதற்குக் கீழே வந்தால் சீலிங் நீலமாகவும் சுவர் மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். ஐவரி அடித்த அறைகளில் இது மிகவும் தெரியும். சுவரின் ஷேடையே ஐம்பது சதவீதத்தில் சீலிங்குக்கு அடித்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். பத்தடிக்குக் குறைந்த உயரம் என்றால் இதைக் கட்டாயம் செய்யலாம்.

யுபிவிசி ஜன்னல், மாடுலர் சுவிட்ச் பிளேட் இரண்டும் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை. ஐவரிச் சுவரில் அவை உறுத்தும், ஹாஃப் ஒயிட்டில் அவ்வளவாக இல்லை. ஜன்னல் இனிமேல்தான் செய்யப்போகிறீர்கள், பவுடர் கோட்டிங் அலுமினியம் என்றால் ஆர்ஏஎல் என்ற நிற எண் வரிசையில் 9016க்குப் பதில் 9010 கேளுங்கள். 9010 கொஞ்சம் இதமான வெள்ளை, இரண்டு ஷேடோடும் போகும்.

மரக் கதவுக்கும் அலமாரிக்கும் வெள்ளை ஆயில் எனாமல் அடித்தால் காலப்போக்கில் மஞ்சளாகும். வெளிச்சம் படாத இடத்தில், அதாவது அலமாரிக்குள்ளும் எப்போதும் திறந்தே கிடக்கும் கதவின் பின்பக்கமும், இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும். தண்ணீரில் கரையும் எனாமல் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு.

மேட்டா, ஷீனா?

மேட் என்பது பளபளப்பில்லாத பெயிண்ட், ஷீன் லேசாகப் பளபளப்பது. ஒரே ஷேட் நம்பர் மேட்டில் வெளிறியும் ஷீனில் சற்று அடர்ந்தும் தெரியும். ஆகவே எதை வாங்கப்போகிறீர்களோ அதிலேயே சாம்பிள் அடியுங்கள். ஜன்னலை ஒட்டிய நீளச் சுவரில் வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வரும், பட்டி பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் ஷீனில் தெரிந்துவிடும். அங்கே மேட். சமையலறை, குழந்தைகள் புழங்கும் இடம், சுவிட்ச்போர்டைச் சுற்றிய பகுதி துடைக்கத் தோதாக ஷீன்.

சமையலறையிலும் பூஜையறையிலும் நிறம் நிற்குமா?

எண்ணெய்ப் பிசுக்கு காலப்போக்கில் பழுப்பு மஞ்சளாகப் படியும். ஐவரியில் அது மறைந்துகொள்ளும், ஹாஃப் ஒயிட்டில் அடுப்புக்கு மேல் திட்டாகத் தெரியும். கற்பூரப் புகையும் ஊதுபத்திப் புகையும் கரிதான், அதற்கு இரண்டுமே ஒன்று. கழுவக்கூடிய எமல்ஷனைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி.

பழைய சுவர் நீலமாக இருக்கிறது. மேலேயே அடிக்கலாமா?

பிரைமர் இல்லாமல் வேண்டாம். நீலத்தின் மேல் மெல்லிய கிரீம் போனால் பச்சை தட்டும். நன்றாகத் தேய்த்து, பட்டி பார்த்து, வெள்ளை பிரைமர் ஒரு கோட், பிறகு எமல்ஷன் இரண்டு கோட். முதல் கோட்டைப் பார்த்து நிறத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பழைய வீட்டில் நீலம் போட்ட சுண்ணாம்பு அடித்திருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் பொரிந்து உதிரும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் நீராற்றிக் காய்ந்த பிறகே பெயிண்ட். ஈரமுள்ள சுவரில் உப்புப் பூத்து வரும் திட்டுகளைப் பலர் "ஷேட் மாறிவிட்டது" என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு 1 லிட்டர் எமல்ஷன் சுமார் 120 முதல் 140 சதுர அடி வரும். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் சுமார் 400. லிட்டருக்கு 120 என்று போட்டால் 3.4 லிட்டர், அதாவது 4 லிட்டர் டின் ஒன்று. டின்டிங் செய்யும் பேஸ் (கலரன்ட் சேர்ப்பதற்கு முன் உள்ள வெறும் பெயிண்ட்) டின்களில் கலரன்ட் ஊற்ற இடம் விட்டிருப்பார்கள், லேபிளில் நிகர அளவைப் பாருங்கள்.

ஒரே நிறம் பல அறைக்குப் போவதென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் எல்லா டின்னையும் பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட வேண்டும். இளங்கிரீமில் டின்னுக்கு டின் சிறு வித்தியாசம் வந்தாலும் சுவர் நடுவில் கோடாகத் தெரியும். குறைந்துபோய் மறுபடி வாங்க நேர்ந்தால் புது டின்னைச் சுவர் நடுவில் தொடங்காமல் மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஒரு கம்பெனி ஷேடை வேறு கம்பெனி பெயிண்டில் கலக்கச் சொல்லலாமா?

ஸ்கேன் செய்து கலந்து கொடுப்பார்கள். ஆனால் கலரன்டுகள் வேறு என்பதால் கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு வெளிச்சத்தில் பிரியலாம். அடர் நிறங்களில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இந்த வெள்ளைகளில், சாயல்தான் எல்லாமே என்பதால், அசல் கம்பெனியிலேயே வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கிறோம். ஷெர்வின் வில்லியம்ஸ் அலபாஸ்டரா, கிரீக் வில்லாவா?

இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. அலபாஸ்டர், எண் 7008, எல்.ஆர்.வி 82, சிவப்பு, பச்சை, நீல மதிப்பு 237, 234, 224. கிரீக் வில்லா, எண் 7551, எல்.ஆர்.வி 84, மதிப்பு 240, 236, 226. மேலே சொன்ன கழித்தலைச் செய்தால் 13, 14 வரும். சாயலில் கிட்டத்தட்ட ஒன்றுதான், கிரீக் வில்லா ஒரு மயிரிழை வெளிறியது, அவ்வளவே. வடக்கு பார்த்த மங்கலான அறைக்குக் கிரீக் வில்லா, வெயில் கொட்டும் தெற்கு அறைக்கு அலபாஸ்டர் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். வடக்கு அறை பற்றிய அந்த விதி அங்கே பொருந்தும். இதே கம்பெனியின் கிரீமி, எண் 7012, மதிப்பு 239, 232, 219 என்பதால் கழித்தால் 20. பக்கத்தில் வைத்தால் அதன் மஞ்சள் உடனே தெரியும். ஐவரி, ஹாஃப் ஒயிட் குழப்பம் நிஜமாக வருவது அலபாஸ்டருக்கும் கிரீமிக்கும் இடையில்தான்.

ஹாலுக்கு ஐவரி, அதை ஒட்டிய டைனிங்குக்கு ஹாஃப் ஒயிட் என்று பிரித்து அடிக்கலாமா?

ஒரே பார்வையில் இரண்டும் தெரியும் என்றால் கூடாது. இவ்வளவு நெருங்கிய இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து வந்தால் பெயிண்ட் பற்றாமல் வேறு டின் வாங்கியதுபோல் இருக்கும். நடுவில் கதவு மூடும் அறைகளில் தாராளமாகப் பிரிக்கலாம்.

அடித்தாயிற்று. பச்சையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் தரையில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை நடக்கும் வீட்டில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தால் கிரீம் சுவர் பச்சையாகத்தான் தெரியும். தார்ப்பாயைச் சுருட்டி, தரையைத் துடைத்து, பெயிண்ட் ஒரு முழு நாள் காய்ந்த பிறகு மறுபடி பாருங்கள். அப்போதும் இருந்தால் இரவில் 6500 டியூபை அணைத்து 3000 அல்லது 4000 பல்பைப் போட்டுப் பாருங்கள். போய்விட்டால் பிரச்சினை பல்பில், சுவரில் கைவைக்க வேண்டாம். பகலில் மட்டும் பச்சை என்றால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரமோ சுவரோதான் காரணம். மெல்லிய கிரீம் நிறத் திரை போட்டால் பாதி குறையும்.

எல்லா வேளையும் பச்சை என்றால் ஃபார்முலாவில் சிவப்பு இல்லை. மிச்ச பெயிண்ட் நிறைய இருந்தால் அதைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சிவப்பு ஆக்சைடு சேர்த்து, பலகையில் அடித்துப் பார்த்த பிறகு, எல்லாச் சுவருக்கும் மேலே ஒரு கோட் கொடுக்கலாம். முதல் கோட்டும் இரண்டாவது கோட்டும் ஏற்கெனவே மூடியிருப்பதால் ஒரு கோட் போதும்.

இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலும் இதே வரிசையில் பாருங்கள். அங்கே சந்தேகப்பட வேண்டியது சிவப்புத் தரை, 2700 பல்பு, மாலை வெயில்.

எல்லாம் பார்த்தும் இரண்டில் எது என்று தீரவில்லை.

தரை ஒன்றைச் சொல்லி வெளிச்சம் மற்றதைச் சொன்னால் இப்படி நிற்கும். தரை சொல்வதை எடுத்துக்கொண்டு பல்பை மாற்றுங்கள். தரையும் வெளிச்சமும் இரண்டையுமே ஏற்றுக்கொண்டால் ஃபார்முலாவில் மூன்று கலரன்டும் உள்ளதை எடுங்கள், வேளைக்கு வேளை குறைவாக மாறும். அதிலும் சமம் என்றால் எந்த ஷேட் உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கலந்து கிடைக்குமோ அது.

மிச்ச பெயிண்டை எப்படி வைத்திருப்பது?

பெரிய டின்னில் அடியில் கொஞ்சம் விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் காற்றிலேயே ஆடை படிந்து கெட்டுவிடும். கழுத்துவரை நிரம்பும் சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடியில் கம்பெனி, ஷேட் நம்பர், மேட்டா ஷீனா, பேஸ், ஐம்பது சதவீதமா முழுதா, கலரன்ட் மில்லி, வாங்கிய தேதி எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆன சுவரில் ஆணி அடைத்த இடத்துக்கு மட்டும் தொட்டு வைத்தால், பெயிண்ட் அதேதான் என்றாலும் திட்டாகத் தெரியும், ஏனென்றால் சுற்றியுள்ள சுவரில் தூசி ஏறியிருக்கும். மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை மட்டும் முழுக்க ஒரு கோட் அடித்துவிட வேண்டும்.